ரிட்டயர் ஆகும் பாயிண்ட் கார்டு: நேராக ஹெட் கோச் நாற்காலியா, முதலில் அசிஸ்டண்ட்டா?

கூடைப்பந்தில் ஒரு பாயிண்ட் கார்டு ஓய்வு பெறப் போகிறார் என்று செய்தி வந்தாலே கூடவே இன்னொரு பேச்சும் கிளம்பிவிடும்: இவர் கோச்சாகப் போய்விடலாமே. சென்டராக, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளாக, ஆடியவரைப் பற்றி யாரும் அவ்வளவு சட்டென்று அப்படிச் சொல்வதில்லை. காரணம் தெரிந்ததுதான். பந்தை மேலே கொண்டுவருவது அவர், அடுத்து என்ன ஆடப் போகிறோம் என்று விரலைக் காட்டி மற்ற நால்வருக்கும் சொல்வது அவர், ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 விநாடிக் கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம், எதிரணியில் யாருக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது, டைம் அவுட் எத்தனை பாக்கி என்ற கணக்கெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதும் அவருக்குத்தான். அதனால் களத்திலேயே இருக்கும் கோச் என்று பேர் வந்துவிடுகிறது. பேர் பொய்யில்லை. ஆனால் கோச் வேலையில் அது பாதிதான்; மீதிப் பாதியை எங்கே போய், யார் தலையில் கை வைத்துக் கற்றுக்கொள்வது என்பதுதான் முப்பத்தைந்து வயதில் அவர் எடுக்க வேண்டிய முடிவு.

அந்த மீதிப் பாதி என்ன என்று முதலில் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் வழிகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பிக் அண்ட் ரோல் என்ற இருவர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்டர் வந்து ஸ்கிரீன் போடுகிறார், அதாவது தடுப்பவரின் வழியில் உடம்பை நிறுத்துகிறார், பாயிண்ட் கார்டு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார், எதிரணி சென்டர் பின்வாங்கி நிற்கிறாரா மேலே ஏறி வருகிறாரா என்று அரை விநாடியில் பார்க்கிறார். பின்வாங்கினால் தானே ஷாட், ஏறி வந்தால் வளையத்தை நோக்கி ஓடும் தன் சென்டருக்குப் பாஸ், அவரை மறிக்க மூலையிலிருந்து ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அவன் விட்டுவிட்டு வந்த அந்த மூலைக்கே பந்து. பதினைந்து இருபது வருடம் இதைச் செய்தவருக்கு யோசனையே வேண்டாம், கை தானாகப் போகும். பெஞ்ச் ஓரம் வந்து நின்றதும் அந்த அரை விநாடி அவர் கையில் இல்லை. நேற்றே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் அந்தப் பாஸைப் பார்க்கும் கண் இன்னும் வராத ஒரு இருபத்தோரு வயதுப் பையனுக்கு. அதே ஆட்டத்தைத் தடுக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பின்வாங்கும் சென்டர் காலை எப்படி வைக்க வேண்டும், எதுவரை பந்தைப் பார்க்கலாம், எந்த இடத்தில் தன் ஆளிடம் திரும்ப வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் தன் உடம்பால் செய்ததில்லை. போதாக்குறைக்கு, ஆடக் கிடைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டாவது ஆட்டக்காரர், அசிஸ்டண்ட்களுக்குள் நடக்கும் பூசல், தோற்ற இரவில் கேள்வி கேட்கும் நிருபர்கள், அணியின் முதலாளி. நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவருக்கு இதில் பெரும்பாலானவை கண்ணிலேயே பட்டிருக்காது.

சரி, வழிகளுக்கு வருவோம். நேராக என்பிஏவில் (அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஹெட் கோச், என்பிஏவிலேயே அசிஸ்டண்ட், டிவி வர்ணனை, கல்லூரி அணி, ஐரோப்பிய கிளப். முன்பு ஆறாவதாக ஒரு வழியும் இருந்தது: ஆடிக்கொண்டே கோச்சாக இருப்பது. லென்னி வில்கின்ஸ் 1969இல் சியாட்டிலில் அப்படித்தான் தொடங்கினார். பிறகு அதே அணிக்கு 1979இல் பட்டம் வாங்கிக் கொடுத்து, கடைசியில் 1,332 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இரண்டு முறை ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன ஆள். ஆட்டக்காரர்களுக்கு ஒரு அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்த பிறகு என்பிஏ அந்தக் கதவை மூடிவிட்டது. ஆட்டக்காரர் சம்பளம் கொஞ்சம், கோச் சம்பளம் நிறைய என்று எழுதி வரம்பை ஏய்த்துவிடலாம் என்ற பயம், நியாயமான பயம்தான். கற்றுக்கொள்ள இருந்ததிலேயே நல்ல வழி அது என்பது என் எண்ணம், ஆனால் இல்லாததைப் பற்றிப் பேசி என்ன பயன்.

நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தவர்களில் முதலில் ஜேசன் கிட். 2013 ஜூனில் ஆட்டத்தை விட்டார், அதே ஜூனில் பிரூக்ளின் நெட்ஸ் ஹெட் கோச் ஆனார், நடுவில் ஒழுங்காக ஒரு விடுமுறைகூட இல்லை. அணி முதல் 31 ஆட்டங்களில் 21 தோற்றது. அந்த நவம்பரில் லேக்கர்ஸுடன் நடந்த ஆட்டம் ஞாபகம் இருக்கலாம். கடைசி விநாடிகள், டைம் அவுட் கையில் இல்லை, கிட் ஒரு குளிர்பானக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், தன் பக்கமாக நடந்து வரும் ஆட்டக்காரரிடம் என் மேல் மோது என்று சொல்கிறார், அவர் இடிக்க, கோப்பை தரையில் கொட்ட, துடைக்கும் நேரத்தில் அணி கூடி அடுத்த ஆட்டத்தைப் பேசிக்கொள்கிறது. ஆட்டம் தோற்றது, லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. இதை எல்லாரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: அவர் இன்னும் பாயிண்ட் கார்டாகவே யோசிக்கிறார், இந்த விநாடியில் ஒரு தந்திரம் செய்து தப்பித்துவிடலாம் என்று. டைம் அவுட்டை முன்பே மிச்சம் பிடிக்கும் பழக்கம் அடுத்த கட்டம்.

அதே சீசனில் இன்னொன்றும் நடந்தது. தான் ஆடிய காலத்தில் தனக்குக் கோச்சாக இருந்த லாரன்ஸ் ஃபிராங்கை, அனுபவம் உள்ளவர் பக்கத்தில் வேண்டும் என்று கிட் தானே அசிஸ்டண்ட்டாகக் கூட்டிக்கொண்டு வந்தார். டிசம்பரிலேயே ஒத்துவராமல் போய், ஃபிராங்கை பெஞ்சிலிருந்து எடுத்து அறிக்கை எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அனுபவமில்லாத ஹெட் கோச்சுக்குப் பக்கத்தில் பழுத்த ஒருவரை உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பும் அணி நிர்வாகங்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம். இவ்வளவுக்கும் பிறகு 2014 பிறந்ததும் அணி எழுந்தது, 44 வெற்றி, 38 தோல்வி (44–38) என்று முடித்து, சீசனுக்குப் பிந்தைய பிளே ஆஃபில் ஒரு சுற்றும் ஜெயித்தது, அதையும் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்து மில்வாக்கி போய், 15 வெற்றிகள் மட்டும் பெற்றிருந்த அணியை ஒரே வருடத்தில் 41க்குக் கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் வேலை போயிற்று.

ஸ்டீவ் நாஷ் கதை வேறு மாதிரி. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை இரண்டு முறை வாங்கியவர், கோச்சாக ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் 2020இல் அதே நெட்ஸுக்கு ஹெட் கோச். பெஞ்சில் மைக் டான்டோனி, ஈமே உடோகா என்று கனமான ஆட்கள், களத்தில் கெவின் டுரன்ட், கைரி இர்விங், கொஞ்ச நாளில் ஜேம்ஸ் ஹார்டனும். கணக்குப் பார்த்தால் 94 வெற்றி, 67 தோல்வி, கெட்ட கணக்கே இல்லை. ஆனால் மூன்றாவது சீசனில் ஏழே ஆட்டம் முடிந்ததும் வெளியே. அந்த அணியில் நாஷுக்கு வந்த சோதனைகள் ஆட்டமுறை சம்பந்தப்பட்டவை இல்லை: ஒருவர் கோவிட் தடுப்பூசி போடாததால் உள்ளூர் ஆட்டங்களுக்கு வர முடியவில்லை, ஒருவர் வேறு அணிக்கு டிரேட் கேட்டுப் போனார், இன்னொருவர் கோச்சையே மாற்றச் சொன்னதாகச் செய்தி வந்தது. எவ்வளவு பெரிய பாஸ் பார்க்கும் கண் இருந்தாலும் இதற்கு உதவாது.

டெரிக் ஃபிஷரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2014இல் ஆடி முடித்த கையோடு நியூயார்க் நிக்ஸ், முதல் சீசன் 17–65, இரண்டாவது சீசன் பாதியில் வேலை போயிற்று. ஐந்து பட்டம் வென்ற காலத்தில் அவர் ஆடிய டிரையாங்கிள் என்ற தாக்குதல் முறையை, அதை ஆடிப் பழக்கமில்லாத ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி அவரிடம் கேட்டார்கள். மேஜிக் ஜான்சன் 1994இல் லேக்கர்ஸுக்கு 16 ஆட்டம் கோச்சாக இருந்து 5 ஜெயித்து, போதும் என்று போய்விட்டார். இந்தப் பட்டியலிலேயே புத்திசாலித்தனமான விலகல் அதுதான் என்று சில சமயம் தோன்றும்.

இந்த வழியில் நன்றாக வந்தவரே இல்லையா? இருக்கிறார், டாக் ரிவர்ஸ். ஆடி முடித்து டிவியில் இருந்தவரை 1999இல் ஆர்லாண்டோ கூப்பிட்டது, கோச் அனுபவம் சுத்தமாகக் கிடையாது. அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஆட்கள் நிறைந்த அணியை 41–41க்குக் கொண்டுவந்து அந்த வருடத்தின் சிறந்த கோச் விருதை வாங்கினார். கவனிக்க வேண்டியது, அந்த அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. பின்னால் எதிர்பார்ப்பு வந்தது, 2003இல் 1–10 என்று தொடங்கியதும் அனுப்பிவிட்டார்கள். பாஸ்டனில் 2008 பட்டம் வருவதற்கு முந்தைய சீசனில் அணி 24 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது, அப்போது நிர்வாகம் பொறுத்திருக்காவிட்டால் இன்று நாம் ரிவர்ஸையும் ஃபிஷர் வரிசையில் வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

இப்போது அசிஸ்டண்ட் வழி. இதற்கு நல்ல உதாரணம் டைரன் லூ. ஆட்டக்காரராக அவரைப் பலருக்கு 2001 ஃபைனல்ஸில் ஆலன் ஐவர்சன் அவரைத் தாண்டி நடந்து போன காட்சியால்தான் தெரியும், பாவம். 2009இல் ஆடி முடித்ததும் பாஸ்டனில் ரிவர்ஸிடம் சேர்ந்தார், முதலில் ஆட்டக்காரர் மேம்பாடு, அப்புறம் அசிஸ்டண்ட், ரிவர்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போனபோது கூடவே அங்கே, 2014இல் கிளீவ்லாந்தில் டேவிட் பிளாட்டுக்கு அடுத்த இடம். அங்கே அவரிடம் டிஃபென்ஸை ஒப்படைத்தார்கள். பாயிண்ட் கார்டாக இருந்தவரிடம் பந்து கையில் இல்லாத பக்கத்தைக் கொடுத்தது அவருக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன அந்த சென்டரின் கால்களைப் பற்றி இனி அவர் தினமும் யோசித்தே ஆக வேண்டும். 2016 ஜனவரியில், 30–11 என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்த பிளாட்டை நீக்கிவிட்டு லூவை உட்கார வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து, ஃபைனல்ஸில், அந்த சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த வாரியர்ஸிடம் 1–3 என்று பின்தங்கியிருந்து கிளீவ்லாந்து பட்டம் வாங்கியது. லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி ஒரு நட்சத்திரம் இருந்தார், வாங்காமல் என்ன என்று கேட்கலாம். ஏழாவது ஆட்டத்தின் இடைவேளையில் அந்த லெப்ரானிடமே, இது போதாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் லூவுக்கு இருந்தது. நாஷிடம் அது இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் லூ அந்த லாக்கர் ரூமில் ஒன்றரை வருடம் இரண்டாவது ஆளாக இருந்து எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் முதல் ஆளானார்.

பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் ஆடிய பெக்கி ஹாமனும் இந்த வழிதான். 2013இல் முழங்கால் தசைநார் கிழிந்து ஆட முடியாமல் இருந்தபோது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சிகளுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார், 2014இல் ஆட்டத்தை விட்டதும் அப்போதைய ஸ்பர்ஸ் ஹெட் கோச் கிரெக் பாப்போவிச் முழு நேர அசிஸ்டண்ட்டாக எடுத்துக்கொண்டார். எட்டு சீசன். 2020 டிசம்பரில் பாப்போவிச் வெளியேற்றப்பட்ட ஒரு ஆட்டத்தில் அணியை நடத்தினார், என்பிஏ வழக்கமான ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஆனாலும் என்பிஏ ஹெட் கோச் வேலை வரவில்லை. டபிள்யூஎன்பிஏ அணியான லாஸ் வேகஸ் ஏசஸ் கூப்பிட்டதும் போனார், 2022, 2023, 2025 என்று மூன்று பட்டம்.

இந்த வழியில் உள்ள ஆபத்து சாம் கசெல். ஆட்டக்காரராக மூன்று பட்டம், 2009இல் வாஷிங்டனில் அசிஸ்டண்ட்டாகத் தொடங்கி கிளிப்பர்ஸ், ஃபிலடெல்ஃபியா, பாஸ்டன் என்று போய் 2024இல் அசிஸ்டண்ட்டாகவே ஒரு பட்டமும் வாங்கிவிட்டார். அந்த பதினைந்து வருடத்தில் ஹெட் கோச் நாற்காலி ஒருமுறைகூட வரவில்லை. முப்பது அணிகள், முப்பது நாற்காலிகள், அவ்வளவுதான். அசிஸ்டண்ட்டாக நல்ல பேர் எடுத்தால் நல்ல அசிஸ்டண்ட் என்ற பேரே ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இன்னொரு சங்கடம் கௌரவம் சம்பந்தப்பட்டது. நேற்றுவரை ஒரு சீசனுக்குக் கோடிக்கணக்கில் வாங்கியவர் அடுத்த எதிரணியின் வீடியோவை நள்ளிரவில் வெட்டி ஒட்ட வேண்டும், காலையில் மூன்றாம் வரிசை ஆட்டக்காரனுக்கு ரீபவுண்ட் எடுத்துப் போட வேண்டும். மியாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் பாயிண்ட் கார்டுதான், கல்லூரியிலும் ஜெர்மனியிலும் ஆடியவர். 1995இல் வீடியோ அறையில் தொடங்கி 2008இல் ஹெட் கோச் ஆனார். அவருக்கு இறங்கி வருவதற்கு மேடை ஏதும் இல்லை, அதனால் சுலபமாக இருந்திருக்கும். பத்து முறை ஆல் ஸ்டார் ஆனவருக்கு அந்த வீடியோ அறை ரொம்பச் சின்னதாகத் தெரியும்.

அதைத்தான் ஜேசன் கிட் பிறகு செய்தார் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு அணிகளில் ஹெட் கோச்சாக இருந்துவிட்டு, 2019இல் லேக்கர்ஸில் ஃபிராங்க் வோகலுக்குக் கீழே அசிஸ்டண்ட்டாகச் சேர்ந்தார். வோகலை எப்போது தள்ளிவிட்டு உட்காரப் போகிறார் என்று அப்போது கிண்டல் செய்யாதவர்கள் குறைவு. அவர் சத்தமில்லாமல் இரண்டு சீசன் இருந்தார், 2020 பட்டத்தில் பங்கு, 2021இல் டாலஸ். அங்கே முதல் சீசனிலேயே மேற்குப் பிரிவு ஃபைனல், 2024இல் என்பிஏ ஃபைனல்ஸ். லூக்கா டான்சிச் இருந்தார் என்பது உண்மை. ஆனாலும் பழைய கிட்டுக்கும் இந்தக் கிட்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, முக்கியமாக நிதானத்தில். ஆறு வருடம் முன்பே இந்த இரண்டு சீசனை முடித்திருந்தால் பிரூக்ளின் கூத்தெல்லாம் நடந்தே இருக்காது.

டிவியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பணம் உண்டு, தோல்வி கிடையாது, முப்பது அணிகளையும் பார்க்கலாம். மார்க் ஜாக்சன் அங்கிருந்துதான் 2011இல் வாரியர்ஸுக்கு வந்தார், மூன்றாவது சீசனில் 51 ஆட்டம் ஜெயித்தும் வேலை போயிற்று, அடுத்த வருடமே ஸ்டீவ் கெர் அதே ஆட்களை வைத்துப் பட்டம் வாங்கினார், கெரும் டிவியிலிருந்து வந்தவர்தான். ஆக டிவி ஒருவரை ஆக்குவதும் இல்லை கெடுப்பதும் இல்லை. பேர் மறக்காமல் இருக்க உதவும், அவ்வளவே. நடந்து முடிந்ததை விளக்கும் பழக்கம் வளரும், நடக்கப் போவதற்கு ஆளைத் தயார் செய்யும் பழக்கம் வளராது.

கல்லூரியில் டான் ஸ்டேலி தனி ரகம். 2000இல் டெம்பிள் பல்கலைக்கழகம் அவரை எடுத்தபோது இன்னும் டபிள்யூஎன்பிஏவில் ஆடிக்கொண்டிருந்தார், கோடையில் ஆட்டம், குளிர்காலத்தில் கோச் என்று 2006 வரை இரண்டும் ஓடியது. மூடிவிட்ட அந்த ஆறாவது கதவு அவருக்கு மட்டும் பக்கவாட்டில் திறந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சவுத் கரோலினாவில் 2017, 2022, 2024 பட்டங்கள், கடைசியாகச் சொன்ன சீசன் 38–0. ஆண்கள் பக்கத்தில் பென்னி ஹார்டவே மெம்பிஸில் பள்ளி அணிகளைப் பழக்கிவிட்டு 2018இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச் ஆனார். இந்த வழியில் வேலை உடனே உங்கள் கைக்கு வரும், நாற்பது நிமிட ஆட்டம், சீசனுக்கு முப்பது சொச்சம் ஆட்டங்கள், சொல்லிக் கொடுக்க நேரமும் உண்டு. ஆனால் ஆட்களைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. 2021இல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பேரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனபிறகு, அணி மாறுவதும் எளிதான பிறகு, போன வருடம் பழக்கிய பையன் இந்த வருடம் இருப்பான் என்று சொல்ல முடியாது. பேரம் பேசுவதில் விருப்பம் இல்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஐரோப்பா பற்றி அமெரிக்காவில் யாரும் பேசுவதில்லை, ஷருனாஸ் யசிகேவிச்சுஸ் எடுத்த வழியோ மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக இருக்கிறது. ஆட்டக்காரராக, ஐரோப்பிய கிளப்களின் முதன்மைப் போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்றவர். 2014இல் லித்துவேனியாவின் ஷால்கிரிஸ் அணியில் ஆடி முடித்தார், அதே கிளப்பில் அசிஸ்டண்ட் ஆனார், 2016 ஜனவரியில் ஹெட் கோச். பெரிய கிளப்களோடு ஒப்பிட்டால் சின்ன பட்ஜெட், இருந்தும் 2018இல் யூரோலீக்கின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக ஃபைனல் ஃபோர். பிறகு பார்சிலோனா, 2021இல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. கடைசியில் துருக்கியின் ஃபெனர்பாஹ்சேவோடு 2025இல் கோச்சாகவும் யூரோலீக். ஒன்றரை வருடம்தான் அசிஸ்டண்ட்டாக இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தெரிந்த கிளப், தெரிந்த மொழி, தோற்றாலும் உலகமே திரும்பிப் பார்க்காத இடம். வெளிநாட்டில் ஆடிய அனுபவம் உள்ள பாயிண்ட் கார்டுக்கு என் முதல் பரிந்துரை இதுதான், என்பிஏ அசிஸ்டண்ட் வேலைக்கும் முன்னால்.

மற்றவர்களுக்கு அசிஸ்டண்ட் வழி, இரண்டு மூன்று சீசன், அதற்கு மேல் வேண்டாம். எந்த அணி என்பதைவிட என்ன வேலை என்பதைக் கேட்டுச் சேர வேண்டும். ஆட்டக்காரர் மேம்பாடு என்ற பேரில் பயிற்சிக்கு முன்பு இளம் கார்டுகளோடு ஷூட்டிங் மட்டும் என்றால் அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது, அது ஏற்கெனவே தெரிந்த வேலை. டிஃபென்ஸ் கேளுங்கள், கோடைக்கால லீக் அணியை நடத்தும் வாய்ப்பு கேளுங்கள், ஹாமனுக்கு 2015இல் ஸ்பர்ஸ் அதைக் கொடுத்தது, அவர் அதிலும் ஜெயித்தார். மூன்றாவது சீசன் முடியும்போதும் ஹெட் கோச் நேர்காணலுக்கு ஒரு அணிகூடக் கூப்பிடவில்லை என்றால், இன்னும் ஒரு என்பிஏ அணியில் அதே நாற்காலிக்கு மாறாமல், கல்லூரியோ வெளிநாடோ, தன் பேரில் அணி ஓடும் ஒரு இடத்துக்குப் போவது நல்லது.

முதல் கோடையிலேயே ஹெட் கோச் வேலை வீடு தேடி வந்தால்? வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, முப்பதே நாற்காலிதான் என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியானால் யாரும் எதிர்பார்க்காத அணியாக இருக்கட்டும், ஆர்லாண்டோவும் மில்வாக்கியும் போல. நிக்ஸும் மோசமான அணிதானே என்றால், ஆம், ஆனால் அங்கே ஃபிஷருக்கு எந்த முறையை ஆட வேண்டும் என்பதுகூடத் தன் விருப்பம் இல்லை. ஆட்டமுறையும் அசிஸ்டண்ட்களும் உங்கள் தேர்வு, மூன்று சீசன் சம்பளம் உறுதி, இந்த இரண்டும் காகிதத்தில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். மூன்று சூப்பர் ஸ்டார்கள் காத்திருக்கிறார்கள், வந்து பட்டம் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கூப்பிடும் அணிக்கு, யசிகேவிச்சுஸின் ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.